எழும்பூர் சொன்ன பதில்



எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி காலையில் எழுந்ததும், "தலை விண்விண்ணுன்னு தெறிக்குதும்மா" என்கிறாள். நம் வீடுகளில் என்ன பதில் வரும்? "ராத்திரி சரியா தூங்கியிருக்க மாட்ட. தைலம் தடவிக்கிட்டுக் கொஞ்சம் படு." அக்கறையுள்ள மாமியார் என்றால் சுக்கை உரைத்துப் பற்றுப் போடுவார். இன்னும் ஒரு படி மேலே போனால் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை. வலி அடங்கிவிடும். வீடும் அதோடு அதை மறந்துவிடும். அந்தத் தலைவலிக்கும் வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளைக்கும் என்ன தொடர்பு, அந்த மூளையைக் காப்பாற்ற உலகம் செய்த ஆராய்ச்சியில் நம் சென்னை எழும்பூருக்கு என்ன பங்கு, இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

கர்ப்பம் 20 வாரத்தைத் தாண்டிய பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதமும் இறங்கினால், நஞ்சுக்கொடியிலேயே கோளாறு இருக்கிறது என்று பொருள். குழந்தைக்குப் போகவேண்டிய ரத்தம் குறைகிறது. தாயின் ரத்தக் குழாய்கள் எங்கும் பாதிக்கப்படுகின்றன. அது முற்றும்போது உடம்பு தரும் எச்சரிக்கைகளில் ஒன்று விடாத தலைவலி. கண் மங்கும். விலா எலும்புக்குக் கீழே வலிக்கும். அதையும் கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். பிரசவ ஜன்னி என்று நம் பாட்டிமார் சொல்லிப் பயந்தது இதைத்தான். தாய்க்கு வலிப்பு வரும் நேரத்தில் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கும் பிராணவாயு குறைகிறது. ஓர் உயிரின் தலையில் தொடங்கியது இன்னோர் உயிரின் தலையில் போய் முடிகிறது.

இதற்கு மருந்து என்ன? மெக்னீசியம் சல்பேட். ஒரு காலத்தில் வயிற்றைச் சுத்தம் செய்ய வீடுகளில் கரைத்துக் குடித்த பேதி உப்பு இதுவேதான். பிரசவ அறைச் செவிலியர்கள் மேக்சல்ஃப் என்பார்கள். விலை மிகக் குறைவு. பல பத்தாண்டுகளாக ஜன்னிக்குக் கொடுத்தும் வந்தார்கள். ஆனால் எல்லா ஊரிலும் இல்லை. ஒரு மருத்துவர் இதைக் கொடுப்பார், இன்னொருவர் டயசிபம் கொடுப்பார், மூன்றாமவர் பெனிடாயின் என்பார். தாங்கள் கற்ற கல்லூரியின் வழக்கம் எதுவோ, அதுவே சரி என்று மூவரும் நம்பினார்கள். 1995இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அந்த வாக்குவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா ஆகிய இடங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,700 ஜன்னி கண்ட தாய்மார்கள் அதில் பங்கெடுத்தார்கள். மறுபடி வலிப்பு வருவது டயசிபம் பெற்றவர்களைவிட மெக்னீசியம் பெற்றவர்களிடம் 52 சதவீதமும், பெனிடாயின் பெற்றவர்களைவிட 67 சதவீதமும் குறைந்திருந்தது. பிறகு 2002இல், 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த 'மேக்பை' ஆய்வின் முடிவு வந்தது. வலிப்பு வருவதற்கு முன்பே இந்த மருந்தைக் கொடுத்தால் ஜன்னி பாதிக்கும் கீழே குறைகிறது என்று அது நிறுவியது.

கதை அங்கே நிற்கவில்லை. அதே 1995இல் கேரின் நெல்சன், ஜூடித் கிரெதர் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் மிகக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். பெருமூளை வாதம் வந்த குழந்தைகளையும் வராத குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். பிரசவத்தின்போது மெக்னீசியம் ஏற்றப்பட்ட தாய்மார்கள், வாதம் வராத குழந்தைகளின் பக்கமே அதிகமாக இருந்தார்கள். தாயைக் காக்கக் கொடுத்த உப்பு குழந்தையின் மூளையையும் காத்திருக்குமோ என்ற கேள்வி எழுந்தது. இங்கே அவசரப்பட்டவர்கள் உடனே "கண்டுபிடித்துவிட்டோம்" என்று அறிவித்திருப்பார்கள். உலகம் அப்படிச் செய்யாமல் சோதித்துப் பார்த்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓர் ஆய்வு, பிறகு அமெரிக்காவில் 2,241 தாய்மார்களிடம் ஓர் ஆய்வு. 2008இல் வந்த அந்த அமெரிக்க முடிவில், குறைமாதக் குழந்தைகளிடம் மிதமான, கடுமையான பெருமூளை வாதம் 3.5 சதவீதத்திலிருந்து 1.9 சதவீதமாகக் குறைந்திருந்தது. இன்று 32 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகிவிடும் என்ற நிலையில் இருக்கும் தாய்க்கு இதைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது.

தொடக்கத்தில் தலைவலி மாத்திரையைப் பற்றிச் சொன்னேன், அதில் இன்னொன்றையும் சொல்லாமல் போனால் தவறாகும். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்க வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தைக் கொடுப்பதுண்டு. கர்ப்ப காலத்தில் இதைச் சாப்பிட்ட, வலிப்பு நோயுள்ள தாய்மார்களின் குழந்தைகளை மூன்று வயதில் பரிசோதித்து 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. லாமோட்ரிஜின் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் அளவு சராசரி 101 என்றால், வால்புரோயேட் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்கு 92. ஒற்றைத் தலைவலிக்காகக் கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பாவில் தடை இருக்கிறது. வலிப்புக்காகச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்குத் தலைவலி மாத்திரை எழுதித் தரும்போது இந்தக் கேள்வியைக் கேட்பது அவள் உரிமை.

இனி எழும்பூருக்கு வருகிறேன். அங்கே போக இன்னொரு தாயின் பிரசவத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நிறைமாதம். தாய்க்கு நோய் ஒன்றும் இல்லை. ஆனால் பிரசவம் இழுத்துக்கொண்டே போகிறது, அல்லது கொடி சுற்றிக்கொள்கிறது. குழந்தை பிறந்ததும் அழவில்லை. மூச்சை மீட்டுக் கொடுக்கிறார்கள், இதயம் சீராகிறது, எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் சில மணி நேரம் கழித்துக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிக்கிறது. மீண்டு வந்த குழந்தைக்கு ஏன் இப்படி ஆகிறது? 1980களில் லண்டனில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் குழுவினர் காந்த அதிர்வுக் கருவியால் பச்சிளம் மூளையின் ஆற்றலை அளந்து பார்த்து இதற்கு விடை சொன்னார்கள். மூளை இரண்டு முறை அடிபடுகிறது. அணைந்துவிட்டது என்று விட்டுப்போன அடுப்பில், சாம்பலுக்கு அடியில் கங்கு கனன்று மறுபடி பற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பிராணவாயு திரும்பிய பிறகும் உயிரணுக்களுக்குள் அப்படியொரு கனல் தொடர்ந்து எரிகிறது. இரண்டு அடிகளுக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம் கிடைக்கிறது. அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா?

குளிர்வித்துப் பார்க்கலாம் என்றார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அலிஸ்டேர் கன் குழுவினர் ஆட்டுக் கருவின் தலையைக் குளிர்வித்தபோது மூளைச் சேதம் குறைந்தது. பிறகு மனிதக் குழந்தைகள். உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியசுக்கு இறக்கி 72 மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். டெட்ராய்ட் நகரின் சீதா சங்கரன் தலைமையில் 208 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. சாவோ மிதமான, கடுமையான ஊனமோ நேர்வது 62 சதவீதத்திலிருந்து 44 சதவீதமாகக் குறைந்தது. பிரிட்டன் தலைமையில் 325 குழந்தைகளிடம் நடந்த ஆய்வும் குளிரூட்டலுக்கே வலுச் சேர்த்தது. பணக்கார நாடுகளில் இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது.

அங்கே பலன் தந்தது இங்கேயும் தரும் என்று நினைப்பது இயல்புதானே? இந்தியாவில் பல மருத்துவமனைகள் குளிர்விக்கத் தொடங்கின. விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்தில் ஜெல் பைகளை வைத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் நிலை மாறும் பொருளால் ஆன படுக்கையைப் பயன்படுத்தி, 50 குழந்தைகளிடம் செய்த ஆய்வில் மூளை ஸ்கேன் நன்றாக வந்ததாகக் கண்டார்கள். நம்பிக்கை தந்த முடிவு அது. ஆனால் எத்தனை குழந்தைகள் பிழைத்தார்கள், பிழைத்தவர்களில் எத்தனை பேர் நடந்தார்கள், பேசினார்கள் என்று சொல்ல 50 குழந்தைகள் போதாது.

அப்போதுதான் 'ஹீலிக்ஸ்' ஆய்வு வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையில் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு பெரிய மருத்துவமனைகள் கைகோத்தன. இலங்கையிலிருந்து களனியும், சென்னையிலிருந்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் எழும்பூர் மருத்துவமனையும் சேர்ந்தன. 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகள். யாரைக் குளிர்விப்பது, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தருவது என்று மருத்துவர் முடிவு செய்யவில்லை, கணினி முடிவு செய்தது. முடிவு 2021 ஆகஸ்டில் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது.

சாவோ மிதமான, கடுமையான ஊனமோ: குளிர்வித்தவர்களில் 50 சதவீதம், மற்றவர்களில் 47 சதவீதம். பலன் இல்லை. சாவை மட்டும் எடுத்துப் பார்த்தால் இன்னும் அதிர்ச்சி. குளிர்வித்த 202 பேரில் 84 குழந்தைகள் இறந்தன. குளிர்விக்காத 206 பேரில் 63. உயிர் காக்கும் என்று நம்பிக் கொடுத்த சிகிச்சையில் அதிகக் குழந்தைகள் செத்திருந்தன. செயற்கை சுவாசக் கருவி இருக்கிற பெரிய மருத்துவமனைகளில்கூட இந்த நாடுகளில் இதைச் செய்ய வேண்டாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஏன் இப்படி ஆனது என்பதில் விவாதம் நடக்கிறது. நம் குழந்தைகள் பலருக்கு மூளை அடிபடுவது பிரசவத்தின் கடைசி நிமிடங்களில் திடீரென்று நேர்வதில்லை, நீண்ட பிரசவத்தில் பல மணி நேரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நேர்கிறது, குழந்தை வெளியே வரும்போதே அந்த ஆறு மணி நேர வாசல் மூடியிருக்கலாம் என்கிறார்கள். கிருமித் தொற்றும், கருவிலேயே வளர்ச்சி குன்றியதும் காரணமாகலாம் என்கிறார்கள். எது சரியானாலும் அது சுட்டும் திசை பிரசவ அறைதான்.

"ஏழை வீட்டுக் குழந்தைகளை வைத்தா சோதிப்பது?" என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. நான் அதை ஒதுக்கமாட்டேன். பிரசவ வலி தீராத மனைவி ஒரு வார்டில், இழுப்பு வரும் பிள்ளை இன்னொரு வார்டில், நடுவில் நிற்கும் தகப்பனிடம் சில மணி நேரத்துக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவருக்கு எவ்வளவு புரிந்திருக்கும்? அவர் பேசும் தமிழில் சொன்னார்களா, வேண்டாம் என்றால் சிகிச்சை குறையாது என்று நம்பவைத்தார்களா என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இந்த ஆய்வு நடக்காமல் போயிருந்தால் குளிர்விப்பதை யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். ஊர் ஊராகத் தொடர்ந்திருக்கும். அந்தக் குழந்தைகளும் சோதனைக்கு உள்ளானவர்கள்தாம். எண்ணிப் பார்க்க யாரும் இல்லை, எழுதி வைக்க யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பதிவு இல்லாத சோதனையைவிடக் கொடிய சோதனை இருக்கிறதா?

ஆகவே அந்த 408 வீடுகளுக்கும் இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன். அவர்கள் பெயர் எந்த இதழிலும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அவர்கள் தந்த பதில் அவர்கள் மொழியிலேயே அவர்களிடம் திரும்பிப் போக வேண்டும். ஆங்கில இதழில் வந்த முடிவு ஒரு தமிழ்த் தாயின் கைக்கு வரும் வரையில் அந்த ஆராய்ச்சி பாதியில் நிற்கிறது என்பேன். ஆய்வு முடிந்ததும் அதன் முடிவை எளிய தமிழில் அச்சிட்டுப் பங்கேற்ற குடும்பங்களுக்குத் தரவேண்டும் என்று ஒவ்வொரு நெறிமுறைக் குழுவும் நிபந்தனை போடட்டும். நம் வாசகர் வட்டம் இன்றே ஒரு தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பட்டும்.

இன்னொரு வேலை நம் கையிலேயே இருக்கிறது. நம் வட்டாரத்துக் கிராம சுகாதாரச் செவிலியர்களை அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைப்போம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அவர்களிடம் ஓடுகிறதா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மேக்சல்ஃப் இருப்பு இருக்கிறதா, பிரசவ அறையில் குழந்தையின் இதயத் துடிப்பைக் குறித்த இடைவெளியில் கேட்க ஆள் போதுமா, தாயோடு துணைக்கு நிற்க ஒருவரை அனுமதிக்கிறார்களா என்று கேட்போம். இல்லை என்று பதில் வந்தால் அதை எழுதி வாங்கிக்கொண்டு மாவட்ட ஆட்சியரிடம் போவோம். அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. செயலாளர் அவர்கள் தாளை இப்போதே சுற்றுக்கு விடலாம்.