சண்டை முடிந்ததைப் பிள்ளையிடம் சொன்னீர்களா?



"பிள்ளை தூங்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று காத்திருந்து, நள்ளிரவில் குரலை உயர்த்தும் அப்பா அம்மாக்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்ற அக்கறைதான். ஆனால் தூங்கும் குழந்தைக்கும் அந்தக் குரல் எட்டுகிறது. அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் இதை வெளியிட்டார்கள். 6 முதல் 12 மாதக் குழந்தைகள் உறங்கும்போது, அர்த்தமில்லாத வாக்கியங்களைக் கோபக் குரலிலும் மகிழ்ச்சிக் குரலிலும் ஒலிக்கவிட்டு மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். சண்டை மிகுந்த வீட்டுக் குழந்தைகளுக்கு, கடுங்கோபக் குரல் கேட்டதும் மன அழுத்தத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் கூடுதலாகத் தூண்டப்பட்டன. சிறிய ஆய்வுதான்; என்றாலும் என்னை உலுக்கியது. சொல்லே புரியாத வயது அது!

விவரம் தெரிந்த பிள்ளையின் பாடு வேறு. சண்டை ஸ்கூல் ஃபீஸைப் பற்றியோ மார்க்கைப் பற்றியோ என்றால், 'எல்லாம் என்னாலதான்' என்று முடிவுகட்டிவிடும். பிறகு காலையில் வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர், தம்பியை அடிப்பது. இவற்றையாவது நாம் கவனிக்கிறோம். திடீரென்று ரொம்ப நல்ல பிள்ளையாகிவிடும் குழந்தையைத்தான் தவறவிடுகிறோம். கேட்காமலே பாத்திரம் கழுவும். எதற்கும் அடம்பிடிக்காது. அம்மா முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சாப்பிடும். "எவ்வளவு பொறுப்பு!" என்று உறவினர்கள் மெச்சுவார்கள். வீடு உடையாமல் காக்கும் வேலையை அந்தப் பிஞ்சு தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கலாம்.

சத்தமில்லாத சண்டையும் இதே சுமைதான். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "பசியில்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." நடுவில் அலையும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் சண்டையே போடக்கூடாதா? முடிகிற காரியமா அது! மார்க் கம்மிங்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பல்லாண்டுகள் இதையே ஆராய்ந்தவர். பெரியவர்களின் சண்டை சமாதானத்தில் முடிவதைப் பார்த்த குழந்தைகளின் கலக்கம் வெகுவாகத் தணிந்ததை அவர் கண்டார். நேரில் பார்க்காவிட்டாலும், சமாதானமாகிவிட்டார்கள் என்று தெரிந்தாலே பலன் இருந்தது. நம் வீடுகளில் சண்டை கூடத்தில் நடக்கும், சமாதானம் மூடிய கதவுக்குள் நடக்கும். மறுநாள் இருவரும் சேர்ந்து காபி குடிப்பார்கள். பிள்ளைக்கு மட்டும் முந்தின இரவு இன்னும் முடிந்திருக்காது. பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: "நேத்து பணம் விஷயமா நானும் அப்பாவும் சத்தம் போட்டுட்டோம். பேசி முடிச்சிட்டோம். உன்மேல எந்தத் தப்பும் இல்லை." யார் பக்கம் நியாயம் என்று மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

கை நீளும் வீட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இரண்டும் இரவு பகல் எந்நேரமும் அழைக்கக்கூடிய இலவச எண்கள்.