கடைசி மாணவரின் கைப்பேசி



2020ஆம் ஆண்டு. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுத மரத்தில் ஏறி உட்கார்ந்தார். அங்கேதான் இணையம் நன்றாகக் கிடைத்தது. நாடே பார்த்த செய்தி அது.

கல்லூரி ஆசிரியர்களே, பாடத்துக்கு ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாணவரின் கைப்பேசியில் அது திறக்குமா? முதல் கேள்வி அதுதான்.

அடுத்த கேள்வி, எதற்கு அந்தச் செயலி? தோசைக்குக் கல், சோற்றுக்குப் பானை. எதற்கு என்று தெரிந்தால்தான் எது என்று தெரியும். வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகளா? கஹூட் என்ற வினாடி வினாச் செயலியை வைத்துப் பாருங்கள். கேள்வி பெரிய திரையில் வரும். பதில் கைப்பேசியில், வண்ணக் கட்டங்களில். சொந்தப் பெயர்கூட வேண்டாம், புனைபெயர் போதும். தலைகுனிந்தே இருந்த பையனின் கட்டைவிரல் எல்லாருக்கும் முன்னால் ஓடும்.

தோட்டப் பக்கம் லைன் மெதுவா? வாட்ஸ்அப்பில் மூன்று நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள். நீண்ட காணொளியைவிட அது சுலபமாகப் போய்ச் சேரும்.

ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு செயலி போதும். ஆறு செயலி என்றால் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டுக் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இன்று வகுப்புக்குள் போனதும், கடைசி வரிசையில் இருப்பவரிடம் கேளுங்கள்: "தம்பி, உன் போனில் டேட்டா இருக்கா?"