காயல் வழிப் பயணத்தில் ஒரு படிப்பினை

 

பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறுமாறு அல்லாஹு தஆலா தன் திருமறையில் பல இடங்களில் ஏவுகின்றான். விடுமுறை நாட்களில் நாம் குடும்பத்துடன் கேரளத்துக் காயல்களில் படகேறுகின்றோம். கொடுங்கல்லூரை அடுத்த கோட்டப்புரத்திலிருந்து கொல்லம் வரையிலான பாதை 1993இல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது.

14ஆம் நூற்றாண்டில் பயணப் பேரறிஞர் இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் கோழிக்கோட்டிலிருந்து கொல்லத்திற்குப் பத்து நாட்கள் நீர்வழியே சென்றார்கள். பகலில் பயணம், இரவில் கரையோர ஊர்களில் தங்கல். ஐந்தாம் நாள் யூதர்கள் வாழ்ந்த குன்றூர் ஒன்றைக் கண்டார்கள். கொல்லத்தின் அழகிய கடைவீதிகளையும், ‘சூலி’ எனப்பட்ட செல்வ வணிகர்களையும், அங்கே முஸ்லிம்கள் கண்ணியப்படுத்தப்பட்டதையும் பதிவு செய்தார்கள்.

ஆயின், விரிப்புச் சுமக்க அவர்கள் கூலிக்கு அமர்த்திய முஸ்லிம் ஒருவன், கரையிறங்கும் ஊர்களில் மது அருந்திச் சச்சரவிட்டு, அவர்களின் மனத்தை வருத்தினான்.

சிந்திப்பீர்! ஒரு சமுதாயம் ஈட்டிய கண்ணியத்தை ஒருவனின் நடத்தை குலைத்துவிடும். பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதற்குச் சலுகை உண்டு, விட்டுவிடுவதற்கு இல்லை. காயல் நீரில் குப்பை எறிவதும், கூச்சலிட்டுக் கரையோர மக்களின் உறக்கத்தைக் கெடுப்பதும் நமக்கு அழகன்று. நாம் இறங்கும் ஒவ்வொரு துறையிலும் நம்மைக் கொண்டே நம் மார்க்கம் அறியப்படும்.

வல்ல நாயன் நம் பயணங்களைப் பரக்கத்து மிக்கவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.