மரம் அறுக்கும் ரம்பத்தின் கோளாறுகள்

(உளுந்தூர்பேட்டை வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



வேம்பும் புளியும் கருவேலும் அறுக்கிறவர்களில் பெரும்பாலோர், பலகை கோணியவுடன் ரம்பத்தின் மேல் குற்றஞ் சாட்டிப் புது ரம்பம் வாங்கப் புறப்படுகிறார்கள். ஓர் அரமும் அரைமணி நேரமும் கொண்டு தீர்க்கக்கூடிய கோளாறுக்குச் சங்கத்தின் பணத்தை இறைப்பது விவேகமன்று.

முதலில் பார்க்கவேண்டியது மரத்தூள். கூரான பற்கள் மரத்தைச் செதுக்கித் துகளாகத் தள்ளும்; மழுங்கிய பற்கள் மாவாக அரைக்கும். மாவு விழுந்து, அறுப்புவாய் கறுத்துப் புகையுமாயின் அரம் போடும் வேளை வந்துவிட்டதென்று அறிக. அதன் பிறகும் மரத்தை வலிந்து தள்ளுகிறவர்கள் தகட்டைச் சூடேற்றி அதன் விறைப்பையே கெடுத்துவிடுகிறார்கள்.

பற்கள் ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சாய்ந்திருப்பது, தகடு உராயாமல் ஓடும்பொருட்டே. ஒரு பக்கத்துச் சாய்வு மிகுந்தால் ரம்பம் அப்பக்கமே இழுக்கும். இருபுறமும் குறைந்தால் இறுகும். இருபுறமும் மிகுந்தாலோ நஷ்டம் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. அறுப்புவாய் அரைக்கால் அங்குலமானால், எட்டு அறுப்பில் ஓர் அங்குல மரம் தூளாய்ப் போய்விடும். பச்சை மரத்துக்கும் இலவம் போன்ற மெதுமரத்துக்கும் சாய்வு சற்று அதிகம் வேண்டும். காய்ந்த கருவேலுக்குக் குறைவே போதும். பல்லின் நுனிப்பாகத்தை மட்டுமே வளைக்கவேண்டும். அடியை வளைத்தால் முறியும்.

சக்கரங்களின் மேல் ஓடும் பட்டை ரம்பத்தில் வெடிப்பு பெரும்பாலும் பல்லிடுக்கின் கூர்மூலையில் தொடங்கும். ஆதலால் அரம் போடுகையில் அவ்விடுக்கை வளைவாக விடுக. மாலையில் வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்துக. பிசின் பிடித்தால், இயந்திரத்தை நிறுத்தி, தகடு ஆறிய பின் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கலாம்.

இவையனைத்திலும் பெரிய சத்துரு ஆணி. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே போகிறது. சாலையோரப் புளியமரத்தில் யாரோ விளம்பரத் தகடு மாட்ட அடித்த ஆணி, மரம் பருக்கப் பருக்க உள்ளே மறைந்துவிடும். ஓடும் ரம்பம் அதில் பட்டால் பல் தெறிக்கும். எதிரே நிற்பவருடைய கண்ணுக்கு அபாயம். துவர்ப்பு மிகுந்த கருவேலில் ஆணி இருக்குமிடத்தைச் சுற்றி நீலக்கறுப்புக் கறை படரும். கல்வராயன் மலைக் கடுக்காயோடு அன்னபேதி சேர்ந்து மையாவதும் இதே முறைதான். முன்னோர் எழுதிய மை மரத்துக்குள்ளே எச்சரிக்கையாய் நிற்கிறது! ஆகவே பட்டையை உரித்து, மண்ணைக் கழுவி, அடிமரத்தை ஆளுயரம் வரை உற்றுநோக்கிய பின்னரே ரம்பத்தில் ஏற்றவேண்டும். இரும்பைக் காட்டும் கருவி கிடைக்குமாயின் சங்கங்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

2025 வரை அமலில் இருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அபாயமான இயந்திர பாகங்களுக்கு மறைப்பு வேண்டுமென்றது. ஆட்கள் குறைவாகையால் சட்டம் தங்களைத் தொடாதென்று சில வாடிக்காரர்கள் மறைப்பைக் கழற்றி வைப்பதுண்டு. ரம்பம் ஆட்களை எண்ணிப் பார்த்து அறுப்பதில்லை.

கறை கண்ட துண்டைச் சுண்ணாம்பால் குறியிட்டுத் தனியே ஒதுக்குக. உளியால் ஆணியை எடுக்க முடியாவிடில், அதனை விறகு நிறையிலேயே விற்றுவிடலாம்.