ஒலி போகாத கம்பி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு மிடி. தமிழில் மிடி என்றால் வறுமை. பயப்படாதீங்க, நன்கொடை கேட்க வரவில்லை. அதற்குச் செயலாளர் இருக்கிறார். இது மின்னணு இசைக்கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி.

அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் தொழிலில் போட்டியாளர்கள். ஆனாலும் எல்லாக் கம்பெனிக் கருவிகளுக்கும் பொதுவான ஒரு இணைப்பு முறை வேண்டும் என்று முன்கை எடுத்தார்கள். 1983 ஜனவரியில் கலிபோர்னியாக் கண்காட்சி ஒன்றில் ஸ்மித்தின் புராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜுபிடர்-6ஐயும் கேபிளால் கோர்த்தார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் பாடியது. இதற்காக 2013இல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி கிடைத்தது.

அந்தக் கேபிளில் ஒலி போகவே போகாது. "60ஆம் எண் கட்டையை இவ்வளவு வேகத்தில் அமுக்கியாச்சு" என்ற செய்திதான் போகும். மொத்தம் மூன்று பைட். நொடிக்கு 31,250 பிட் வேகம். தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். விரலை எடுத்தால் "விட்டாச்சு" என்று தனிச் செய்தி. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

எங்கள் இறுதியாண்டுக் கலைவிழா. வாடகைக்கு எடுத்த கீபோர்டு மேடையில். அதிலிருந்து ஐந்து முள் கேபிள், ஓரமாக வைத்திருந்த சவுண்டு மாட்யூலுக்கு. நண்பன் வயலின் ஒலியில் ஒரு நீண்ட சுரம் பிடித்தான். அந்த நொடியில் கேபிள் கழன்றது. அவன் கையை எடுத்துவிட்டான். "விட்டாச்சு" செய்தி மாட்யூலுக்குப் போய்ச்சேரவில்லை. அது கர்மசிரத்தையாக இழுத்துக்கொண்டே இருந்தது! பாடிய பெண் நிறுத்திவிட்டாள். அரங்கமே சிரித்தது. கடைசியில் யாரோ மெயின் சுவிட்சை அணைத்தார்கள்.

கேபிளைச் செருகி அதே கட்டையை ஒருமுறை தட்டி விட்டிருந்தால் நின்றிருக்கும். சில கருவிகள் 300 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை "நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்றால் எதிர்முனை தானே அடங்கிவிடும். எங்களுக்கு வாய்த்த கீபோர்டுக்கு அந்த வழக்கம் இல்லை. இதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

கருவியைக் கெடுத்துவிட்டான் என்று அன்று எல்லோரும் திட்டியது அவனை. வாடகைக்காரர் முன்பணத்தில் பிடித்ததும் அவன் காசு. அதன் பிறகு அவன் கல்லூரி மேடை ஏறவே இல்லை.

திரைக்குப் பின்னால் அவசரமாக நடந்து அந்தக் கேபிளை மிதித்தவன் நான். இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அவன் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். டேய், மன்னிச்சுக்கோ. சாயங்காலக் கச்சேரிக்குக் கீபோர்டு வந்திருக்கு. கேபிளை நான் தரையோடு டேப் போட்டு ஒட்டிட்டேன்.