கன்னத்து நிழல்: காண்டூர் கற்றுக்கொண்ட கதை

பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரிலிருந்து பேசுகிறேன். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது என் தொழில். போன எபிசோடில் ஃபவுண்டேஷன் ஷேடு பார்ப்பதைப் பற்றிப் பேசினேன் இல்லையா, அதற்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "அக்கா, காண்டூர் போட்டா எனக்கு மட்டும் ஏன் அழுக்கு ஒட்டின மாதிரி இருக்கு?"

இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். அதனால் எப்படிப் போடுவது என்று சொல்வதற்கு முன்னாடி, நான் சொதப்பின கதையைச் சொல்லிவிடுகிறேன்.

திருச்சியில் ரெண்டு மாசம் கோர்ஸ் படித்தேன். காண்டூருக்கு ஒரு நாள் வகுப்பு. நெற்றி ஓரத்தில் தொடங்கி, கன்னத்துக்குள் வந்து, தாடைக்குப் போகிற மாதிரி '3' போடச் சொன்னார்கள். மூக்குக்கு ரெண்டு கோடு. மாடலாக உட்கார்ந்த பெண் நல்ல சிவப்பு. அவளுக்கு அழகாக இருந்தது. அதே பேலட்டை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

முதல் வருஷமே ஒரு கல்யாணம். பெண் நல்ல கறுப்பு, கன்ன எலும்பு எடுப்பாக இருக்கும். நான் பிரஷ்ஷை எடுத்ததும் அவளுடைய அம்மா பக்கத்தில் வந்து, "கொஞ்சம் வெள்ளையா போட்டு விடும்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாப்பாங்க" என்றார். நானும் ரெண்டு ஷேடு ஏற்றிப் போட்டேன். முகம் சப்பையாகிவிட்டது. இருந்த கன்னமும் காணாமல் போனது. அதைத் திரும்பக் கொண்டுவர, வகுப்பில் சொன்னபடி அந்தப் பேலட்டில் இருந்த சாம்பல் கலந்த பழுப்பைக் கன்னத்தில் இழுத்தேன்.

அறையில் பார்க்கும்போது பரவாயில்லை. மேடையில் வீடியோ லைட்டைப் போட்டதும் ரெண்டு கன்னத்திலும் சாம்பல் பட்டை! கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். அவளுடைய அம்மாயி மெதுவாக மேடையேறி வந்து, முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டி பாப்பா, உடம்புக்கு முடியலையா?"

அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசின பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆல்பத்தில் அவளுடைய குளோசப் படம் ஒன்றுகூட இல்லை என்று பின்னாடி தெரிந்தது. தன் கல்யாண ஆல்பத்தில் தன் முகம் வேண்டாம் என்று ஒரு பெண் நினைக்கும்படி பண்ணியிருக்கிறேன். தூக்கமே வரவில்லை.

எங்கள் ஊர் மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர். 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் அப்பாவும் சிற்பிதான். சின்ன வயதிலிருந்து உளிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள், பட்டறையில் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்த வாரம் வேறு வேலை ஓடாமல் போய் உட்கார்ந்தேன்.

அப்பா வாகை மரத்தில் ஒரு அம்மன் முகம் செய்துகொண்டிருந்தார். முதலில் முகத்தை மூன்று சம பங்காகப் பிரிக்கிறார்: நெற்றி மேலிருந்து கண் மட்டம், அங்கிருந்து மூக்கு நுனி, அங்கிருந்து மோவாய். பிறகு உளி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மரம் முழுக்க ஒரே நிறம், ஆனால் கன்னம் தெரிகிறது. எப்படி என்று கேட்டேன்.

அவர் சிற்பத்தைத் தூக்கிவந்து வாசல் வெளிச்சத்துக்கு நேராக வைத்தார். கன்னம் மங்கிப்போனது. கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினார். கன்னம் எழுந்து நின்றது. "கன்னத்தை யாரும்மா செஞ்சா? அதுக்குக் கீழ கொஞ்சம் மரத்தை எடுத்தேன், அவ்வளவுதான். மிச்சம் வெளிச்சம் பண்றது" என்றார்.

பக்கத்தில் ஈட்டி மரத்தில் செய்த ஒரு பிள்ளையார் இருந்தது. மெருகு போட்டு முடித்தது, நல்ல கரும்பழுப்பு. அதைக் காட்டி, "இதுல குழி தெரியுதா பாரு" என்றார். குழி அவ்வளவாகத் தெரியவில்லை. மேட்டில் விழுந்த பளபளப்புதான் கண்ணுக்குப் பட்டது. வெளிர் மரத்தில் நிழல் உருவத்தைக் காட்டுகிறது. கறுத்த மரத்தில் மினுக்கம் காட்டுகிறது.

நான் பண்ணின தப்பு எனக்கு அங்கேதான் புரிந்தது. வெளிர் மரத்துக்கான வேலையை ஈட்டி மரத்தில் செய்திருக்கிறேன். அதுவும் ஈட்டிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு!

காண்டூர் என்கிற வேலை எதற்கு வந்தது என்று யோசித்தாலும் இதே பதில்தான். மேடை விளக்கோ கேமரா விளக்கோ நேராக முகத்தில் அடித்தால் இயற்கையான நிழல் அழிந்துபோகும். அழிந்த நிழலைச் சாயத்தால் திரும்ப வைப்பதுதான் காண்டூர். கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் மார்லீன் டீட்ரிச் என்ற நடிகைக்கு விளக்கையே உயரத்தில் வைத்துக் கன்னத்துக்குக் கீழே நிழல் விழவைத்தார்கள். நம் மண்டபத்தில் வீடியோக்காரர் லைட்டை நேராகத்தான் பிடிப்பார். செல்ஃபிக்கு வைக்கிற ரிங் லைட்டும் அப்படியே. அதனால்தான் நமக்குக் காண்டூர் தேவைப்படுகிறது. சாதாரணமாகப் பகலில் கடைக்குப் போக அது வேண்டியதே இல்லை.

சரி, இப்போது செய்முறை.

முதலில் மேக்கப் இல்லாமல் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். கன்ன எலும்பை விரலால் தடவிப் பாருங்கள். தலையை மெதுவாகத் திருப்பினால் நிழல் எங்கே விழுகிறது என்று தெரியும். உங்கள் இடம் அதுதான். யாரோ வரைந்த '3' இல்லை.

ரெண்டாவது, ஃபவுண்டேஷன் கழுத்து நிறத்துக்கு இருக்க வேண்டும். இது தப்பினால் மேலே என்ன போட்டாலும் நிற்காது.

மூன்றாவது, காண்டூர் நிறம். சிவந்த தோலுக்குக் கொஞ்சம் சாம்பல் கலந்த பழுப்பு சரி. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அதே சாம்பல் திருநீறு பூசின மாதிரி ஆகிவிடும். நல்ல அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம், லேசாகச் செம்மை ஓடுகிறது எடுங்கள். மினுமினுப்பு இருக்கக் கூடாது, நிழல் மினுங்காது. பிரான்சர் வேறு, காண்டூர் வேறு. பிரான்சர் வெயில் பட்ட நிறத்துக்கு.

நான்காவது, அளவு. காதின் மேல் பக்கத்திலிருந்து வாய் ஓரத்தைப் பார்த்து வாருங்கள். வெளிக்கண் முனைக்கு நேர் கீழே நிறுத்திவிடுங்கள், அதைத் தாண்டினால் முகம் ஒட்டிப்போன மாதிரி தெரியும். கிரீம் என்றால் பவுடருக்கு முன்னாடி. ஸ்பான்ஞ்சை மேல் பக்கமாகவே ஒற்றுங்கள். கீழே இழுத்தால் கன்னம் தொங்கும். மூக்குக்கு மெல்லிசாகப் போதும், நிறையப் பேருக்கு அதுவும் வேண்டாம்.

ஐந்தாவது, கறுத்த தோலுக்கு இதுதான் முக்கியம்: நிழலைக் குறைத்து மேட்டுக்கு வெளிச்சம் கொடுங்கள். கன்ன எலும்பின் மேலும் மூக்குத் தண்டிலும் பொன்னிற ஹைலைட்டர். வெள்ளி நிறம் வேண்டாம், அது தனியாகத் தெரியும்.

கடைசியாக, ஃபோனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சிலிக்கா உள்ள சில வெள்ளைப் பவுடர்கள் கண்ணாடியில் தெரியாது, ஃபிளாஷில் மாவு அப்பின மாதிரி வரும்.

இதெல்லாம் பழகி வந்த பிறகு இன்னொரு கல்யாணம். முந்தினவள் நிறம்தான் இவளும். அவளுடைய அம்மாவும் அதே வார்த்தை, "கொஞ்சம் வெள்ளையா." இந்தத் தடவை கல்யாணத்துக்கு முன்னாடியே டிரயல் வைத்துக்கொண்டேன். பாதி முகத்துக்கு அம்மா கேட்ட நிறம். மறு பாதிக்கு அவள் நிறம், கன்னத்தில் பொன் ஹைலைட். வீடியோக்காரர் பிடிக்கிற மாதிரி நேராக லைட் வைத்துக் காட்டினேன்.

அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மகளுடைய சொந்த நிறப் பக்கத்தைக் கையால் காட்டி, "இந்தப் பக்கம் எங்கம்மா கன்னம் தெரியுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முழு முகத்துக்கும் அதையே போட்டேன்.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது. 2017-இல் ரியானாவின் ஃபென்டி பியூட்டி 40 ஷேடோடு வந்தபோது உலகமே பேசியது. நம் பக்கத்துக் கடைகளில் தேடினால், கறுத்த நிறத்துக்கான ஷேடு இன்னும் ஒன்றிரண்டுதான் கிடைக்கிறது. 2020-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' பேரை 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினார்கள், ஆனால் கல்யாண வீட்டில் கேட்கிற கேள்வி மாறவில்லை. போன மாசம்கூட ஒரு வீட்டில் எவ்வளவு சொல்லியும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஷேடு ஏற்றித்தான் போட்டேன், கழுத்துக்கும் கைக்கும் சேர்த்து. பிழைப்பு இருக்கிறதே.

ஆனால் டிரயலுக்கு மட்டும் இப்போது காசு வாங்குவதில்லை. பாதி முகம் போட்டுக் காட்டாமல் யாருக்கும் தேதி கொடுப்பதும் இல்லை.

அடுத்த எபிசோடில் கண் மேக்கப். கேள்விகளை அனுப்பி வையுங்கள். ஜன்னல் பக்கம் எடுத்த, மேக்கப் இல்லாத ஒரு படமும் சேர்த்து அனுப்பினால் எனக்குப் பதில் சொல்லச் சுலபம். வரட்டுமா?