கையெழுத்துப் படியைக் கொடுக்குமுன்



பால்மரம் சீவிப் பிழைத்த நம் மக்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. காண்டா வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வந்தால், பால் நிறுத்து முடியும்வரை அங்கேயே நிற்பார்கள். கிராணி கணக்கில் எழுதுவதைப் பார்த்த பிறகே வீடு திரும்புவார்கள். உடலுழைப்பில் இவ்வளவு விழிப்பாக இருந்த நாம், எழுத்துழைப்பை மட்டும் கணக்கில்லாமல் கொடுத்துவிடுகிறோம்.

தோட்டத்தில் பிறந்து கதை, கவிதை எழுதுவோர் நம்மிடையே பலர். அவற்றை நூலாக்கும் ஆசையோடு அவர்கள் நாடுவது பெரும்பாலும் சிறிய பதிப்பகங்களையே. நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், தம் தோட்டத்து வாழ்க்கையைக் கதைகளாக எழுதினார். “நீங்க கவலைப்படாதீங்க ஐயா, எல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்றார் பதிப்பாளர். சேமநிதிப் பணத்திலிருந்து 4,000 ரிங்கிட் கைமாறியது. மூன்று மாதம் என்ற பேச்சு இரண்டு ஆண்டாயிற்று. முடிவில் கையில் கிடைத்தவை 50 படிகள். அவற்றிலும் தோட்டத்தின் பெயரே பிழையாக அச்சாகியிருந்தது. எத்தனை அச்சிட்டார்கள், எத்தனை விற்றார்கள் என்று கேட்டதற்கு, “தமிழ்ப் புத்தகம் யாருங்க வாங்குறாங்க?” என்பதே பதில்.

இதைக் கேட்டு, சிறு பதிப்பாளர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களிடமும் முதல் குறைவு, வாங்குவோரும் குறைவு. பிழை திருத்துவது முதல் கட்டுச் சுமப்பது வரை ஒரே ஆள் செய்யும் பதிப்பகங்களும் உண்டு. ஆனால் வாய்ப்பேச்சோடு நின்றுவிட்டால், நல்லவரோடும் மனக்கசப்பு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நாமே எழுதிய கதையின் உரிமை நமக்கே உரியது. எழுதியவர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் அது நிலைக்கும், பிள்ளைகளுக்கும் சேரும். எழுத்து மூலமாக அன்றி அந்த உரிமை பிறருக்கு மாறாது. ஆகவே, படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடக் கூடாது.

கையெழுத்துப் படியைக் கொடுக்குமுன் ஐந்து செய்திகளை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, செலவு யாருடையது? முழுச் செலவும் நம்முடையதென்றால், அவர் நமக்கு அச்சு வேலை செய்து தருகிறார் என்றே பொருள். அச்சான நூல்கள் நம் கைக்கு வர வேண்டும். இரண்டாவது, எத்தனை படிகள், எந்தத் தேதிக்குள்? மூன்றாவது, அச்சேறுமுன் பிழை திருத்தும் தாள்கள் நம் பார்வைக்கு வருமா? நான்காவது, செலவு பதிப்பாளருடையதானால், ராயல்டி எனப்படும் உரிமைத்தொகை எவ்வளவு? 20 ரிங்கிட் நூல் 500 படிகள் விற்று, நூற்றுக்குப் பத்து என்று பேசியிருந்தால், நமக்கு வர வேண்டியது 1,000 ரிங்கிட். ஐந்தாவது, விற்பனைக் கணக்கை எப்போது காட்டுவார்?

இன்னொன்றையும் கேளுங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சிட்ட நூலின் 5 படிகளைப் பதிப்பாளர் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் நம் தோட்டத்துக் கதை, தோட்டம் அழிந்த பின்னும் நாட்டின் நூலகத்தில் இருக்கும்.

“எழுத்து ஒரு தொண்டாயிற்றே, அதற்குக் கணக்குக் கேட்பதா?” என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். தொண்டு செய்பவரும் கணக்குக் கேட்கலாம். நேர்மையான பதிப்பாளர் அதற்காக வருந்தமாட்டார். கேட்டதும் கோபப்படுகிறவரிடம் படியைக் கொடுக்காதிருப்பதே நல்லது.

பெற்றோர் எழுதுகிறார்கள் என்றால், வீட்டில் படித்த பிள்ளைகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஒப்பந்தத் தாளை வரி விடாமல் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அதற்கு முன், அந்தக் கையெழுத்துப் படிக்கு ஒரு நகல் எடுத்து வீட்டில் பத்திரப்படுத்துங்கள். காணாமற்போன பணத்தை மறுபடி சேர்க்கலாம். காணாமற்போன கதையை அந்த முதிய கைகளால் மறுபடி எழுத முடியுமா?